அஞ்சலும் பட்டுவாடாவும்: எல்லையூர்களில் கடிதம் சேரும் இடம்

கடிதம் ஒன்று எழுதியவரிடமிருந்து பெறுபவரிடம் சென்று சேர்வதில் இரண்டு வேறுபட்ட செயல்கள் அடங்கியுள்ளன. ஒன்று கைமாற்றிக் கைமாற்றி ஊர்விட்டு ஊர் கடத்துவது. மற்றொன்று, உரிய ஊரை அடைந்தபின் இன்னார் என அறிந்து அவரிடம் ஒப்படைப்பது. தமிழில் முன்னதற்கு ‘அஞ்சல்’ என்றும் பின்னதற்குப் ‘பட்டுவாடா’ என்றும் சொற்கள் உள. தகவல்தொடர்பு வரலாறு பெரும்பாலும் முன்னதன் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஒருவரை எந்த மொழியில், எந்த எழுத்தில் விளிக்க இயலும் என்பதோ பின்னதில்தான் முடிவாகிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களை முன்வைத்து இவ்வேறுபாட்டைக் காண்பது பயன் தரும்.

முதலில் சொல். ‘அஞ்சல்’ என்பது கிரேக்க மொழியில் தூதரைக் குறிக்கும் ‘ஆங்கெலோஸ்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது என்றும், திருவிதாங்கூரில் ரெசிடெண்டாகவும் 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ அதனை வழங்கினார் என்றும் ஒரு விளக்கம் கேரளத்தில் பரவலாக உண்டு. மொழியியல் நோக்கில் இதை ஏற்பது கடினம். கன்னடத்தில் இன்றும் தபாலுக்கு ‘அஞ்செ’ என்பதே சொல். தெலுங்கில் ‘அஞ்செ’ என்பது ஆள் மாற்றும், குதிரை மாற்றும் இடைநிலையைக் குறிக்கும். மைசூரில் சிக்க தேவராய உடையார் காலத்திலேயே (1673–1704) அஞ்செ அமைப்பு இருந்தது. இலங்கைத் தமிழில் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் கோல் மாற்றி ஓடும் பந்தயத்துக்கு ‘அஞ்சலோட்டம்’ என்றே பெயர். ஆகவே இச்சொல்லின் மையப் பொருள் ‘தூதர்’ அன்று, ‘கைமாற்று’ ஆகும்.

திருவிதாங்கூர் அஞ்சலின் அமைப்பும் இப்பொருளுக்கு ஒத்தே இருந்தது. மார்த்தாண்ட வர்மர் காலத்தில் (1729–1758) அரசு ஆணைகளைக் கொண்டுசெல்லத் தோன்றி, மன்றோ காலத்தில் ஒழுங்குபெற்று, பின்னர் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. மணி கட்டிய கோலுடன் ஓடும் அஞ்சலோட்டக்காரர் தமக்குரிய தொலைவை ஓடிப் பையை அடுத்தவரிடம் மாற்றுவார். அவர் பையைச் சுமப்பவரேயன்றிக் கடிதத்தின் மேல்விலாசத்தைப் படிக்கவேண்டியவர் அல்லர். பிரித்துப் படித்து ஆளறிந்து சேர்ப்பிப்பது அஞ்சல் அலுவலகத்தின் பணி. 1888இல் சங்கு முத்திரையுடன் ஒன்று, இரண்டு, நான்கு சக்கரம் மதிப்புகளில் அஞ்சல் தலைகள் வெளிவந்தன.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருவழி நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என நீள்கிறது. அஞ்சல் காலத்தில் இவ்வழி முழுவதும் ஒரே அரசின் ஒரே அமைப்புக்குள் இருந்தது. அன்று அஞ்சலின் எல்லை கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம். பாறசாலையிலிருந்து நாகர்கோவிலுக்கு அஞ்சல் தலை போதும். திருநெல்வேலிக்கு எழுத வேண்டுமாயின் பிரித்தானிய இந்தியத் தபாலைத்தான் நாட வேண்டும். ஒரே நாட்டுக்குள் இரண்டு தபால் அமைப்புகள் அருகருகே இயங்கின.

1951இல் அஞ்சல் இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது. ஐந்தாண்டுகளில், 1956 நவம்பர் 1 அன்று, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு மாறின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை மேற்கே நகர்ந்து களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையில் வந்தது. இரு பக்கங்களிலும் தமிழும் மலையாளமும் பேசும் குடும்பங்கள் எல்லை கடந்த உறவுகளோடு தொடர்ந்து வாழ்ந்தன.

1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண் இந்நிலையை ஆறு இலக்கங்களில் பதிவுசெய்கிறது. களியக்காவிளை 629153, பாறசாலை 695502, நெய்யாற்றின்கரை 695121. முதல் இலக்கமான 6 தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் பொது. முதல் மூன்று இலக்கங்கள் பையை எந்தப் பிரிப்பு மாவட்டத்துக்கு அனுப்புவது எனக் கூறும். இறுதி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா அஞ்சலகத்தைக் கூறும். எண்ணின் பணி அத்துடன் முடிகிறது. வீட்டையும் ஆளையும் எண் கூறாது. அவ்விடத்தில் எழுத்துதான் பேச வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். எண்ணைக் கொண்டு எந்த மொழிக் கடிதத்தையும் பாறசாலை வரை கொண்டுவந்துவிடலாம். தமிழில் எழுதிய பெயரைப் பாறசாலையில் படிப்பவர் யார் என்பது வேறு கேள்வி.

மின்னஞ்சலின் வரலாறும் இதே பிரிவினைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் வரிசை தலைகீழ். அங்கே பட்டுவாடா முதலில் தோன்றியது. அஞ்சல் பின்னர் வந்தது. 1965இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் பகிர்நேரக் கணினியில், ஒரு பயனர் மற்றொரு பயனரின் கோப்பில் செய்தியை விட்டுச்செல்ல ஒரு கட்டளை எழுதப்பட்டது. கணினி ஒன்றே, கடத்தல் ஏதுமில்லை. 1971இல் ரே டாம்லின்சன் அத்தகைய உள்ளூர்ச் செய்தி நிரலொன்றைக் கோப்புப் பரிமாற்ற நிரலுடன் இணைத்துப் பெயருக்கும் கணினிக்கும் இடையே ‘அட்’ குறியை வைத்தார். அக்குறியின் வலப்புறம் அஞ்சலுக்குரியது, இடப்புறம் பட்டுவாடாவுக்குரியது.

எரிக் ஆல்மன் பெர்க்லியில் எழுதி 1983இல் பி.எஸ்.டி. யூனிக்ஸுடன் வெளிவந்த ‘சென்ட்மெயில்’ இப்பிரிவினையை நிறுவனப்படுத்தியது. அது கடத்தும், தன் கணினிக்குரிய கடிதத்தை வேறொரு உள்ளூர்ப் பட்டுவாடா நிரலிடம் ஒப்படைத்துவிடும். வீட்ஸ வெனெமா எழுதி 1998இல் வெளிவந்த ‘போஸ்ட்ஃபிக்ஸ்’ இதற்கெனத் தனிக் கூறொன்றையே வைத்துள்ளது. அதனை அமைப்பவர் தீர்மானிக்கும் வரிசை இது: முதலில் மாற்றுப்பெயர்ப் பட்டியல், அடுத்து, பயனர் தாமே எழுதிவைத்த திருப்பிவிடும் குறிப்பு, அதன்பின் வெளி நிரல் எதற்கேனும் ஒப்படைப்பதா என்பது, இறுதியில், கடிதங்கள் அனைத்தும் ஒரே கோப்பில் சேர்வதா, கடிதத்துக்கு ஒரு கோப்பாகத் தனித்தனியே வைக்கப்படுவதா என்பது. வெளி நிரல் இயங்கும்போது அது பெறுபவரின் உரிமையோடுதான் இயங்கும். ஒருவர் பெட்டிக்குச் செல்லும் நிரல் மற்றொருவர் பெட்டியைத் தொடலாகாது.

1996இல் ஆர்எஃப்சி 2033 வரையறுத்த உள்ளூர்ப் பட்டுவாடா நெறிமுறை மற்றொரு நுட்பத்தைச் சேர்த்தது. வழக்கமான கடத்தல் நெறிமுறையில் ஐந்து பேருக்கான கடிதம் கையளிக்கப்பட்டதும் ஐவருக்கும் சேர்த்து ஒரே விடைதான் வரும். உள்ளூர் நெறிமுறையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விடை. நால்வருக்குச் சேர்ந்தது, ஒருவர் பெட்டி நிறைந்துவிட்டது என்பதை அதனால் தெளிவாகச் சொல்ல முடியும். கூட்டாகச் ‘சேர்ந்தது’ என்பது கடத்துபவரின் கணக்கு. ஆளுக்கொரு விடை என்பது பட்டுவாடாவின் கணக்கு.

இவ்வரலாற்றில் மொழியைத் தொடும் விதி ஒன்று உண்டு. முகவரியின் இடப்பகுதியைப் பொருள்கொள்ளும் உரிமை வலப்பகுதி சுட்டும் கணினிக்கு மட்டுமே உண்டு என்கிறது 2008இன் ஆர்எஃப்சி 5321. வழியிலுள்ள எவரும் அதை மாற்றவோ ஊகிக்கவோ கூடாது. பல்லெழுத்து முகவரிகள் தாமதமானதற்கு இவ்விதியும் ஒரு காரணம். வலப்பகுதிக்கு 2003இலேயே ‘பியூனிகோடு’ என்னும் வழி கிடைத்தது. ‘.இந்தியா’ என்னும் தமிழ்க் களப்பெயரை இலத்தீன் எழுத்துச் சரமாக மாற்றிப் பழைய கணினிகளிலும் கடத்திவிடலாம். இடப்பகுதியை அவ்வாறு மாற்ற விதி இடந்தரவில்லை. அது உள்ளூர்க் கணினியின் தனியுரிமை. ஆதலால் தமிழ்ப் பெயர் தமிழ் எழுத்திலேயே கடைசி வரை செல்ல வேண்டியதாயிற்று. 2012 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 6531 அதற்கு வழிசெய்தது. வழியிலுள்ள ஒரு கணினி இதனை ஏற்காவிடினும் கடிதம் திரும்பிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் இவ்வசதியைப் பெற்றது.

வழி திறந்தபின் மீண்டும் உள்ளூரில்தான் சிக்கல். ‘பொன்னி’ என்னும் பெயரிலுள்ள ‘பொ’வை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு சரங்கள். ஒருங்குறியின் இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்கும். ‘ஸ்ரீ’யின் நிலை இதனினும் கடினம். ஸகரத்தை வைத்தும், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் அதனை எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். இயல்பாக்கமோ இவற்றை ஒன்றாக்குவதில்லை. ஸ்ரீதேவி என்பவருக்கு வரும் கடிதங்களில் ஒரு பகுதி ‘அப்படியொருவர் இல்லை’ எனத் திரும்பக்கூடும்.

எல்லையூரில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. மலையாளத்தில் ‘ராஜன்’ முதலிய பெயர்களின் இறுதியிலுள்ள சில்லெழுத்துக்கு 2008இல் ஒருங்குறியின் 5.1 பதிப்பில் தனிக் குறியீடு கிடைத்தது. அதற்கு முன் மூன்று குறியீடுகளைச் சேர்த்து அது எழுதப்பட்டது. பழைய கோப்பிலுள்ள ராஜனும் புதிய கோப்பிலுள்ள ராஜனும் கணினிக்கு வேறு ஆட்கள். இதனுடன் மொழிகளின் ஒலிவேறுபாடும் சேர்கிறது. தமிழின் சொல்லிறுதி ஐகாரம் மலையாளத்தில் அகரமாக நிற்கும்: கரை – கர, மலை – மல. நெய்யாற்றின்கரை என்னும் ஊர்ப்பெயரே இரு வடிவில் எழுதப்படுகிறது. அவ்வூர் நிறுவனமொன்றின் மின்னஞ்சல் சேவையகம் தமிழ்ப் பெயரையும் மலையாளப் பெயரையும் இலத்தீன் பெயரையும் ஒரே பெட்டிக்குக் கொண்டுசேர்க்க வேண்டுமாயின், அதனை எந்தப் பன்னாட்டு விதியும் தானாகச் செய்துதராது. மாற்றுப்பெயர்ப் பட்டியலில் ஒருவர் அமர்ந்து எழுத வேண்டும். அதற்கு இரு மொழிகளின் எழுத்தும் ஒலியும் தெரிந்திருக்க வேண்டும்.

இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று. எந்தக் குறையையும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அரசுக்கு எழுதலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு. மொழிச் சிறுபான்மையினருக்கெனத் தனி அலுவலரை ஏற்படுத்தும் 350ஆ உறுப்பு, எல்லை மாறிய அதே 1956இல் சேர்க்கப்பட்டது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு அலுவல்மொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் அறிவிக்கப்பட்ட பகுதிகளிலுள்ள அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் இடமளிக்கிறது. இவை எழுதும் உரிமையை உறுதி செய்கின்றன. எழுதியது படிக்கத் தெரிந்தவர் மேசைக்குப் போய்ச் சேர்வது அந்தந்த அலுவலகத்தின் ஏற்பாட்டைப் பொறுத்தது. மனுக்கள் மின்வழிக்கு மாறிவரும் காலத்தில் அவ்வேற்பாட்டின் ஒரு பகுதி சேவையகத்தின் அமைவுக் கோப்பில் இருக்கிறது.

ஆய்வுக்குரிய வினா இங்கே எழுகிறது. எல்லைப்பகுதி மொழிநிலையை மக்கள்தொகைக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை, பெயர்ப்பலகை ஆகியவற்றைக் கொண்டு அளப்பது வழக்கம். பட்டுவாடாவும் அத்தகைய சான்றே. தமிழில் முகவரியிட்ட கடிதம் 695502க்கு வந்தால் அதைப் படிப்பவர் யார், தமிழ் இடப்பகுதி கொண்ட மின்னஞ்சலை எல்லைவட்ட அலுவலகங்களின் சேவையகங்கள் ஏற்கின்றனவா, திருப்புகின்றனவா, திருப்பினால் எந்த மொழியில் காரணம் கூறுகின்றன என்பவை களத்தில் சோதித்தறியக்கூடியவை. மொழியியல் மாணவர் ஒருவரும் கணினியியல் மாணவர் ஒருவரும் சேர்ந்தால் ஒரு பருவத்தில் முடிக்கத்தக்க பணி. அலுவலகங்களுக்கு அதன் முடிவுகள் உடனே பயன்படும்; ஏனெனில் திருத்தம் வேண்டுவது பெரும்பாலும் மாற்றுப்பெயர்ப் பட்டியலின் சில வரிகளில்தான்.