மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்கள்

போன மாதம் ஒரு நாள் காலை என் கார் ஸ்ரார்ட் ஆகவில்லை. ஏழு வருடக் கார்தான். இழுத்துக்கொண்டு போன கராச்சில், உள்ளே ஒரு சின்னக் கணினிப் பெட்டி பழுது என்றார்கள். புதுசு வாங்கிப் போட்டாலும், கார்க் கம்பனியின் மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டால்தான் கார் ஓடுமாம். நான் மென்பொருளால் சோறு சாப்பிடுகிறவன். எனக்கே எரிச்சல் வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “உன்ர பெரியப்பா ஏ40ஐ மண்ணெண்ணெயிலயே ஓட்டினவர், தெரியுமே?”

எனக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒஸ்ரின் ஏ40 சோமசெற் என்பது இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை செய்த கார். உருண்டையான முகம், 1200 சிசி இயந்திரம், 42 குதிரைவலு. இன்றைய சின்னக் கார்கூட அதைச் சுலபமாக முந்திவிடும். அந்தக் காலத்தில் இலங்கைக்கு இதுவும் மொறிஸ் மைனரும் மொறிஸ் ஒக்ஸ்போட்டும் நிறைய வந்தன. பிறகு 1960களில் நாட்டில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடாகி, கார் இறக்குமதி இறுகிப்போனது. புதுக் கார் கிடைக்காது, ஆகவே இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதுவே ஒரு தொழிலாக வளர்ந்தது. வாடகைக் கார் என்றாலே ஏ40 என்று ஆனது. ஒரு பாகம் தேய்ந்தால் அதைக் கடைசல் பட்டறையில் புதிதாகக் கடைந்து எடுப்பார்களாம்.

இலக்கத் தகடு பற்றியும் ஒரு வார்த்தை. 1957 இல் அரசாங்கம் வாகனத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைக் கொண்டுவந்தது. தமிழர்கள் எதிர்த்தார்கள், தார் பூசி அழித்தார்கள். சோமசெற் அதற்கு முன்பே வந்துவிட்டதால் அதன் தகட்டில் ஆங்கில எழுத்துகள்தான். பழைய கார் வைத்திருந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, மண்ணெண்ணெய்க்கு வருவோம். 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, உரம், சீமெந்து எல்லாம் தடைப்பட்டன. மின்சாரமும் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கதையை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். பெற்றோல் கிடைத்தாலும் போத்தல் கணக்கில், நினைத்துப் பார்க்க முடியாத விலையில். மண்ணெண்ணெயும் அளவாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது.

இப்போது கொஞ்சம் பொறியியல், பொறுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போலச் சட்டென்று ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றவே பற்றாது. ஆகவே சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் கொஞ்சம் காபரேட்டருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ண வேண்டும். இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறலாம். இது யாழ்ப்பாணத்துக் கண்டுபிடிப்பு இல்லை. பிரித்தானிய உழவு இயந்திரங்கள் சிலவற்றை இப்படிப் பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெயில் ஓடும்படியே செய்தார்கள். ஆனால் ஏ40ஐ யாரும் அப்படிச் செய்யவில்லை. அதை மாற்றிக்கொண்டது நம்முடைய மெக்கானிக்மார்.

ஏன் புதுக் காரில் அது முடியாது? சோமசெற் இயந்திரம் எரிகலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் அமுக்கும். இன்றைய இயந்திரங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்குகின்றன. அவ்வளவு அழுத்தத்தில் மண்ணெண்ணெய் நேரம் தவறி வெடித்து பிஸ்ரனை உடைத்துவிடும். பழைய காரில் தீப்பொறி விழும் நேரத்தையும் கையாலேயே திருகிப் பின்தள்ளலாம். அனுமதி கேட்க அங்கே மென்பொருள் இல்லை.

சும்மா ஊர் சுற்ற அல்ல இதெல்லாம். பெரியம்மாவுக்கு இரவு பிரசவ வலி வந்தபோது பெரியப்பா அரை மணித்தியாலம் மல்லுக்கட்டித்தான் காரை உயிர்ப்பித்தாராம். வெளிச்சம் போடப் பயம், மேலே ஹெலி. ஆசுபத்திரிக்குப் போகும் வழி முழுக்க வெள்ளைப் புகை. அன்று பிறந்த அண்ணாதான் இப்போது லண்டனில் மின்சாரக் கார் ஓட்டுகிறார்!

இதை வீரக் கதையாக மட்டும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இயந்திர எண்ணெயில் கலந்து, அதை நீர்த்துப்போக வைக்கும். நல்ல இயந்திரங்கள் அப்படித் தேய்ந்தன. புகையை மூச்சில் எடுத்தவர்களும் மனிதர்கள்தான். சோமசெற்றில் சீற் பெல்ற்றும் கிடையாது. என் பிள்ளையை அதில் தினமும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேனா என்று கேட்டால், மாட்டேன். ஆனாலும் திருத்தக்கூடிய ஒரு பொருள் கையில் இருப்பதும், திருத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் இருப்பதும் எவ்வளவு பெரிய விசயம் என்று அந்த இரவை நினைக்கும்போது விளங்குகிறது.

இதே எண்ணம் சார்ள்ஸ் வெயர் என்ற ஆங்கிலேயருக்கும் இருந்தது. அவர் 1970களில் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஒரு காரை வாழ்நாள் முழுக்கத் திருத்தி ஓட்டுவதே இலாபம் என்று புத்தகமும் எழுதினார். 1990களில் அவருக்கான பாகங்கள் எங்கே செய்யப்பட்டன தெரியுமா? இலங்கையில். ஒரே தீவின் ஒரு பக்கத்தில் மைனருக்குப் புதுத் தகடு அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வடக்கில் அதே ரகக் கார் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது.

2002 இல் ஏ9 பாதை திறந்ததும் பெற்றோலும் புது வாகனங்களும் வந்தன. பெரியப்பா காரை விற்கவில்லை. கழுவித் துடைத்து, கலியாணங்களுக்கு மாப்பிள்ளை ஏற்றப் போனார். என் சித்தப்பாவின் கலியாணப் படத்தில் அந்தக் கார் நிற்கிறது. முன் கண்ணாடிக்குப் பின்னால், பெற்றோல் ஊற்றி வைக்கும் அந்தச் சின்னப் போத்தலும் தெரிகிறது.