இறக்கையில் ஒரு கறுப்புப் புள்ளி: பழத் தோட்டங்களை மிரட்டும் குட்டி ஈயை அடையாளம் காண்பது எப்படி?

வீட்டில் வாழைப்பழம் கனிந்தால் குட்டி ஈக்கள் சுற்றுவதைப் பார்த்திருப்பீங்க. அதே இனத்தின் நெருங்கிய உறவுக்கார ஈ ஒன்று, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழ விவசாயிகளின் தூக்கத்தைக் கெடுத்து வருகிறது. அதன் பெயர் 'ட்ரோசோஃபிலா சுசுகி'.

எங்கிருந்து வந்தது?

கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இந்த ஈக்கு 1931-ல் ஜப்பானில் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. 2008-ல் கலிஃபோர்னியா, ஸ்பெயின், இத்தாலி ஆகிய இடங்களில் தென்பட்டது. அதன்பின் வேகமாகப் பரவிவிட்டது.

அப்படி என்ன ஆபத்து?

சாதாரண பழ ஈ அழுகிய பழத்தில்தான் முட்டையிடும். ஆனால் இதன் பெண் ஈ, ரம்பம் போன்ற முட்டையிடும் உறுப்பால் செடியில் பழுத்துக்கொண்டிருக்கும் நல்ல பழத்தையே அறுத்து உள்ளே முட்டை வைக்கும். செர்ரி, ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, புளூபெரி எல்லாமே இதற்கு இலக்கு. வெளியே ஊசி குத்தியது போன்ற தடம்தான் தெரியும். உள்ளே புழு தின்றுகொண்டிருக்கும்.

ஆண் ஈயை எப்படி கண்டுபிடிப்பது?

• நீளம் 2 முதல் 3 மி.மீ. மட்டுமே. கண்கள் சிவப்பு.
• ஒவ்வொரு இறக்கையிலும், முன்விளிம்பில் நுனிக்கு அருகே ஒரு கறுப்புப் புள்ளி.
• முன்னங்கால்களில் சீப்பு போன்ற இரண்டு கறுப்புப் பட்டைகள்.

புள்ளி இல்லைன்னா நிம்மதியா இருக்கலாமா?

முடியாது! இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பெண் ஈக்குப் புள்ளியே கிடையாது. பழத்தைக் கெடுப்பதோ பெண் ஈதான். அதை உறுதிசெய்ய, ரம்பப் பற்களைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் தேவை. ஆண் ஈக்கும் பிறந்தவுடன் புள்ளி இருக்காது. முழுசா கருக்க இரண்டு நாள் வரை ஆகலாம்.

புள்ளி இருந்தாலே இதுதானா?

அதுவும் இல்லை. இந்தியாவில் காணப்படும் 'ட்ரோசோஃபிலா பயார்மிப்பெஸ்' ஆண் ஈக்கும் இறக்கையில் புள்ளி உண்டு. அதனால்தான் நிபுணர்கள் இறக்கையோடு நிறுத்தாமல் கால் சீப்புகளையும் பார்க்கிறார்கள். சுசுகி ஈயில் இரண்டு சீப்புகளும் பாதத்தின் அடுத்தடுத்த இரண்டு கணுக்களில் இருக்கும். மற்றதில் இரண்டும் முதல் கணுவிலேயே இருக்கும்.

விவசாயிகள் என்ன செய்கிறார்கள்?

ஆப்பிள் சைடர் வினிகர் ஊற்றிய டப்பாக்களைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, விழும் ஈக்களைச் சோதிக்கிறார்கள். பறித்த பழங்களை லேசாக நசுக்கி உப்புத் தண்ணீரில் போட்டால், உள்ளே இருக்கும் புழுக்கள் சிறிது நேரத்தில் வெளியே வந்துவிடும். பூச்சி தாக்கிய பழங்களைத் தோட்டத்திலேயே விடாமல் அகற்றுவதும் முக்கியம்.

நம்மூர் மாம்பழத்தில் புழு வைக்கும் பழ ஈயும் இதுவும் ஒன்றா?

இல்லை. மாம்பழ ஈ வேறு குடும்பம், அளவிலும் பெரியது.

மொத்தத்தில், பொறியில் புள்ளி ஈ சிக்கினால் அது எச்சரிக்கை மணி. சிக்கவில்லை என்பதற்காகத் தோட்டம் பாதுகாப்பாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.