தந்தையின் உரிமையும் நீதிமன்றமும்

பெற்றவரிடமிருந்து பிள்ளையின் பொறுப்பை எடுத்துவிடும் அதிகாரம் இங்கிலாந்தில் நெடுங்காலம் சான்சரி நீதிமன்றத்திடம் இருந்தது. தம்மைக் காத்துக்கொள்ள இயலாத குடிகளுக்கு அரசரே தந்தை என்ற கொள்கைதான் அதற்கு அடிப்படை. 1817இல் கவிஞர் ஷெல்லி இந்த அதிகாரத்துக்கு ஆளானார். அவருடைய முதல் மனைவி ஹாரியட் நீரில் மூழ்கி இறந்தபின், பிள்ளைகள் இருவரையும் அவரிடம் ஒப்படைக்க லார்ட் சான்சலர் எல்டன் மறுத்தார். ஷெல்லியின் கொள்கைகள் அவருடைய நடத்தையிலும் இறங்கிவிட்டன என்பதே எல்டன் கண்ட குறை.

பிள்ளையின் பேரில் சொத்து இருந்தால்தான் இந்த நீதிமன்றத்தால் பயனுள்ள வகையில் தலையிட முடிந்தது. எனவே ஏழைக் குழந்தைக்கு எத்தனை கொடுமை நேர்ந்தாலும் சான்சரி எட்டாத இடமாகவே இருந்தது. குழந்தைகளை வதைத்ததாகத் தண்டிக்கப்பட்ட பெற்றோரிடமிருந்து அவர்களை மீட்டுத் தக்கவரிடம் ஒப்படைக்க வழி செய்த சட்டம் 1889இல்தான் வந்தது. இவ்வளவு தாமதத்தை மன்னிப்பது கடினம்.

தாயின் நிலை இன்னும் மோசம். அன்னி பெசன்ட், மதகுருவான தம் கணவரை 1873இல் பிரிந்தபோது, மகள் மேபல் தாயிடம் இருப்பாள் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. பெசன்ட் நாத்திகப் பிரசாரத்தில் இறங்கினார். 1877இல் கருத்தடை பற்றிய நூலொன்றைச் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டு வழக்கிலும் சிக்கினார். மகளுக்குச் சமயக் கல்வி தரவில்லை என்பதும் சேர்ந்துகொள்ள, 1878இல் நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல் மேபலைத் தந்தையிடம் ஒப்படைத்தார். அந்தத் தாய் மகளை அன்பாக வளர்க்கவில்லை என்று எவரும் நிறுவியதாலன்று, அவருடைய கருத்துகளுக்காகவே இந்தத் தீர்ப்பு. வயது வந்ததும், தந்தையிடம் இருந்த மகனும் மகளும் தாமாகவே தாயிடம் திரும்பினார்கள்.

அதே பெசன்ட் சென்னையில் மறுபக்கம் நின்றார். அவர் தலைமை வகித்த அடையாறு பிரம்மஞான சபையில் பணிசெய்த நாராயணய்யா, 1910 மார்ச்சில் தம் மகன்கள் ஜே. கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவருக்கும் அவரைக் காப்பாளராக்கிக் கையெழுத்திட்டார். கிருஷ்ணமூர்த்தியை வரப்போகும் உலக குருவாகச் சபையினர் கொண்டாடினர். சபையின் முக்கியஸ்தர் லெட்பீட்டரிடம் பிள்ளைகள் பழகுவது தந்தைக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் இங்கிலாந்தில் இருக்கையில், 1912இல் அவர்களைத் திருப்பித் தரக் கோரி வழக்குத் தொடுத்தார். அவருக்காக சி.பி. ராமஸ்வாமி ஐயர் வாதாடினார். பெசன்ட் தமக்காகத் தாமே வாதாடினார். 1913இல் உயர் நீதிமன்ற நீதிபதி பேக்வெல் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் பெசன்ட் தோற்றார்.

1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் இந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. தந்தையே இயற்கைக் காப்பாளர் என்பதை அது ஏற்றது. தாம் உயிரோடிருக்கும்போது அந்தப் பொறுப்பை மீளமுடியாதபடி இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்க அவரால் முடியாது. வளர்க்கும் பொறுப்பை மட்டும் கொடுக்கலாம், திரும்பப் பெறவும் செய்யலாம். ஆனால் அதை நம்பிப் பிள்ளைக்குப் புதிய பிணைப்புகளும் எதிர்பார்ப்புகளும் வளர்ந்திருந்து, அவற்றைக் கலைப்பது பிள்ளைக்கே கேடாகுமானால், நீதிமன்றம் தந்தையைத் தடுக்கலாம். சிறுவர்கள் வழக்கில் தரப்பினராகவே இல்லை என்பதும், இங்கிலாந்தில் வசிப்போரைப் பற்றி முடிவெடுக்க வேண்டியது அங்குள்ள நீதிமன்றமே என்பதும் பெசன்டுக்குக் கைகொடுத்தன. தந்தையின் உரிமைக்கு எதிரே பிள்ளையின் நலனையும் எடைபோடச் செய்த இந்தத் தீர்ப்பை இந்திய நீதிமன்றங்கள் பின்னர் அடிக்கடி எடுத்தாண்டன.

சட்டநூலில் மாற்றம் மெதுவாகவே வந்தது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாத தந்தை உயிரோடிருக்க, பிள்ளைக்கு வேறொருவரை நியமிக்க முடியாதிருந்தது. 1956இன் இந்து இளவர், காப்பாளர் சட்டம் பிள்ளையின் நலனையே முதன்மையாக்கியது. ஆயினும் தந்தைக்குப் பிறகே தாய் என்று வரிசைப்படுத்தியது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தந்தை பொறுப்பேற்காத நிலையிலும் தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.