டாய் ஸ்டோரி: ஏன் பொம்மைகள்?

1995 நவம்பர்ல வந்த டாய் ஸ்டோரிதான் முழுக்க கணினியிலேயே உருவான முதல் முழுநீளப் படம்னு எல்லாருக்கும் தெரியும். என்னைக் கேட்டா, கதைக்குப் பொம்மைகளைப் பிடிச்சதுதான் பெரிய சாமர்த்தியம். அன்னைக்கு இருந்த மென்பொருளுக்கு பிளாஸ்டிக்னா அல்வா சாப்பிடுற மாதிரி. தோலும் தலைமுடியும் வந்தா தடுமாறும். பிக்ஸாரோட 1988 குறும்படம் டின் டாய் ஆஸ்கர் வாங்குச்சு. ஆனா அதுல வர்ற குழந்தையைப் பாத்தா ராத்திரி தூக்கம் வராது :-)

மொத்தம் 1,14,240 பிரேம், 8 லட்சம் கணினி மணி நேரம். வகுத்துப் பாருங்க, பிரேமுக்கு சராசரியா 7 மணி நேரம். நம்ம பில்டு அரை மணி ஓடினாலே புலம்புறோம்!

இவ்வளவு இருந்தும் படம் முடங்கப் பாத்தது திரைக்கதையாலதான். 1993 நவம்பர்ல டிஸ்னிக்குப் போட்டுக் காட்டின வடிவத்துல கவ்பாய் பொம்மை வுட்டி, எல்லார்மேலயும் எரிஞ்சு விழற ஆளு. புதுசா வந்த விண்வெளி வீரன் பஸ் லைட்இயரை வேணும்னே ஜன்னலுக்கு வெளியே தள்ளுவான். டிஸ்னி வேலையையே நிறுத்தச் சொல்லிடுச்சு. திருத்தி எழுதினப்புறம், மேசைக்குப் பின்னாடி தள்ளப் பாத்து கைமீறிப் போயிடுது. பொறாமை அதேதான், ஆனா இப்ப அவன்மேல பரிதாபம் வருது. இந்தத் திருத்தத்துக்கு எந்த மெஷினும் உதவலை. திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை வாங்கின முதல் அனிமேஷன் படமும் இதுதான்.

இன்னைக்குப் பாத்தா சிட் வீட்டு நாய் களிமண்ல பிடிச்ச மாதிரிதான் இருக்கு. நாய்க்காகவா படம் பாத்தோம்?