கரை தெரியாத ஒரு நாள்

கப்பற் பயண வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் துறைமுகங்களைப் பற்றியே எழுதுகின்றனர். எங்கிருந்து புறப்பட்டது, எங்கே சென்று சேர்ந்தது என்பதே அவர்களுக்குச் செய்தி. இரு துறைமுகங்களுக்கு இடைப்பட்ட நாளை, காலை முதல் மாலை வரை நீரும் வானுமன்றி வேறொன்றும் கண்ணிற் படாத நாளை, அவர்கள் அதிகம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் மனிதன் ஓய்வை எவ்வாறு புரிந்துகொண்டான் என்று அறிய விழையும் நமக்கு அந்த ஒரு நாளே போதிய பாடமாகும்.

நெடுங்காலம் வரை கடலில் கழியும் நாள் அச்சத்துக்குரிய நாளாகவே இருந்தது. குடிநீர் கெடும், உணவு புழுக்கும், காற்று நின்றால் பாய்மரக் கப்பலும் நின்றுவிடும். 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனிலிருந்து புறப்பட்ட புனித பிரான்சிஸ் சவேரியார், மொசாம்பிக்கில் பல மாதங்கள் தங்க நேர்ந்து, 1542 மே 6 அன்றுதான் கோவாவை அடைந்தார். கடலில் ஒரு நாள் கழிப்பதற்காகவே பணம் கொடுத்து ஒருவர் கப்பலேறுவார் என்று அக்காலத்து மாலுமியிடம் கூறியிருந்தால் அவர் நகைத்திருப்பார்.

அந்த எண்ணத்தை மாற்றியவருள் ஒருவர் ஹாம்பர்க் நகரத்து ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடப்போர் குறைவு. ஆதலால் பெருங்கப்பல்கள் போதிய வருவாயின்றிக் கிடந்தன. அவற்றைத் தென்திசையின் வெயிலுக்கு அனுப்பினால் என்ன என்று அவர் எண்ணினார். 1891 ஜனவரி 22 அன்று 'அகஸ்டா விக்டோரியா' என்னும் நீராவிக் கப்பல் 241 பயணிகளுடன் குக்ஸ்ஹாஃபன் துறையிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மாதப் பயணம். பாலினும் உடன் சென்றார். பயணிகள் எகிப்தைக் கண்டனர், எருசலேமைத் தரிசித்தனர். அதனினும் புதுமை யாதெனில், ஊர்களுக்கு இடைப்பட்ட கடல்நாட்களும் அவர்களுக்கு இன்பமாயின என்பதே.

இவ்வாறு பிறந்த கடல்நாளுக்குத் தனி ஒழுங்கு ஒன்று உருவாயிற்று. மேல்தளத்தில் சாய்வு நாற்காலி, போர்வை, புத்தகம், வேளை தவறாத விருந்து. நண்பகலில் சூரியனின் உயரத்தை அளந்து, கப்பல் இருக்கும் இடத்தையும், முந்தைய நண்பகல் முதல் அது ஓடிய தொலைவையும் கணக்கிட்டு அறிவிப்பர். அத்தொலைவை முன்கூட்டிச் சொல்லிப் பந்தயம் கட்டுவது பயணிகளுக்கு விருப்பமான பொழுதுபோக்கு.

ஆனால் அந்தத் தொலைவு எங்கிருந்து வந்தது? 1907 இல் முதற்பயணம் புறப்பட்ட 'மொரிடேனியா' என்னும் கப்பலை எடுத்துக்கொள்வோம். அதன் கொதிகலன்களில் 192 உலைகள் இருந்தன. முழு வேகத்தில் செல்லும்போது நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன் நிலக்கரி எரிந்தது. அத்தனையும் மனிதக் கைகள் மண்வாரியால் அள்ளி உலைக்குள் வீசியதே. நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் இடைவெளி, மீண்டும் நான்கு மணி நேரம் என இரவும் பகலும் அந்த முறை ஓடியது. மேலே பந்தயப் பொருளான எண், கீழே வியர்வையால் ஆக்கப்பட்டது. கடற்காற்றை நாடி ஒரு சாரார் ஏறிய கப்பலில், கடலையே காணாமல் மறுசாரார் பயணம் செய்தனர்.

1921 இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் மொரிடேனியா எண்ணெயால் இயங்குமாறு மாற்றப்பட்டது. கரி அள்ளும் வேலை ஒழிந்தது. 1930 முதல் அக்கப்பல் பெரிதும் உல்லாசப் பயணங்களுக்கே பயன்பட்டது. 1958 இல் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே ஜெட் விமானப் போக்குவரத்து தொடங்கியபின், அக்கடலைக் கடப்பதற்குக் கப்பல் தேவை என்னும் நிலையும் மறைந்தது. எஞ்சியது இன்பப் பயணம். 2024 ஜனவரியில் முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் சுமார் 7,600 பயணிகள் வரை ஏறலாம். பணியாளர் மட்டும் 2,350 பேர். கரி போயிற்று; கீழ்த்தளம் போகவில்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம் இந்தியா முதலிய நாடுகளிலிருந்து சென்றோர் அங்கே சமைக்கின்றனர், துவைக்கின்றனர், படுக்கை விரிக்கின்றனர். துறைமுக நாளில் பயணிகள் கரையிறங்குவர். பணியாளர் சற்று மூச்சுவிடலாம். கடல்நாளிலோ அனைவரும் கப்பலிலேயே இருப்பர். பயணிக்கு முழு ஓய்வான நாளே பணியாளருக்கு முழுச் சுமையான நாள்.

இதனை உலகம் அறியாமலில்லை. 2013 இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஓய்வின் குறைந்த அளவாக 24 மணி நேரத்தில் 10 மணி நேரத்தையும், ஏழு நாட்களில் 77 மணி நேரத்தையும் குறிக்கிறது. பெரும் முன்னேற்றமே. எனினும் கணக்கிட்டுப் பாருங்கள்: எஞ்சும் 91 மணி நேரம் வரை ஒருவர் ஒரே வாரத்தில் உழைக்க அது இடம் தருகிறது. 2020 இல் பெருந்தொற்றால் உல்லாசக் கப்பல்கள் நின்றபோது, பயணிகள் பெரும்பாலும் விரைவில் வீடு திரும்பினர். பணியாளர் பல்லாயிரவரோ கரையிறங்க இசைவின்றி மாதக்கணக்கில் கப்பலிலேயே காத்துக்கிடந்தனர்.

இணைச்சட்ட நூலில் வரும் ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனோடு நின்றுவிடுவதில்லை. வேலையாள், அயலான், எருது, கழுதை வரை அது நீள்கிறது. எகிப்தில் நீங்களும் அடிமைகளாய் இருந்தீர்கள் என்பதே அங்கே காட்டப்படும் காரணம். பிறருடைய ஓய்வைப் பறித்துப் பெறும் ஓய்வை விவிலியம் ஓய்வென்று ஏற்பதில்லை. 1920 இல் கிளாஸ்கோ நகரில் சில பொதுநிலையினர் முன்னின்று கடலோர் திருத்தூதுப் பணியைத் தொடங்கியதும், இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்' என்னும் பெயரில் பல துறைமுகங்களில் மாலுமிகளைத் தேடிச் சென்று சந்திக்கும் பணி தொடர்வதும் இந்த உணர்வினாலேயே.

நம்மில் உல்லாசக் கப்பலேறுவோர் சிலரே. ஆயினும் ஞாயிறுதோறும் நம் இல்லங்களிலும் ஒரு மேல்தளமும் ஒரு கீழ்த்தளமும் உண்டு. திருப்பலி முடிந்து வந்து நாம் சாய்ந்து அமரும் வேளையில் அடுப்படியில் நிற்பவர் யார், அவருக்குரிய ஓய்வு எந்நாள் என்று இந்த ஞாயிறேனும் கேட்டுப் பார்ப்போமாக.