மூன்றால் வகுத்த ஊதியம்: எச்-1பி ஊதியப் படிகளில் சராசரி வந்து அமர்ந்த இடம்

டேனியல் கோஸ்டாவும் ரான் ஹிராவும் 2020 மே மாதம் அமெரிக்காவின் பொருளாதாரக் கொள்கை நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கைக்குப் பிறகு, அந்நாட்டின் தற்காலிக வேலை விசாவான எச்-1பி-யில் வருவோரின் ஊதியத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் 17, 34 என்ற இரண்டு எண்களைச் சுற்றியே நடக்கிறது. 2019 நிதியாண்டில் தொழிலாளர் துறை சான்றளித்த எச்-1பி பணியிடங்களில் 60 விழுக்காடு முதல் இரண்டு ஊதியப் படிகளில் இருந்தன. முதற்படி 17-ஆம் நூற்றுமானம் (நூறு பேரில் 17 பேரின் ஊதியம் அதற்குக் கீழே இருக்கும் புள்ளி), இரண்டாம் படி 34-ஆம் நூற்றுமானம். இரண்டுமே அந்தத் தொழிலுக்கு அந்த வட்டாரத்தில் உள்ள இடைநிலையளவுக்குக் கீழே. ஆகவே உள்ளூர் ஊதியத்தைவிடக் குறைத்துக் கொடுக்க விதிகளே இடம் தருகின்றன என்பது அவர்கள் வாதம்.

அந்த முடிவோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அதை அளக்க அவர்கள் எடுத்த அளவுகோலோடுதான் சண்டை. ‘நிலவும் ஊதியம்’ என்பதை இடைநிலையளவாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த விதிகளின் வரலாற்றில் இடைநிலையளவுக்கு அப்படியொரு இடம் இருந்ததில்லை. எச்-1பி ஊதியக் கணக்கும் சார்ந்திருக்கும் நிரந்தரக் குடியேற்றத்துக்கான வேலைச் சான்று விதிகளில், 656.40 என்ற பழைய பிரிவு கணக்கைத் தெளிவாகவே சொன்னது: வட்டாரத்தில் ஒத்த வேலை செய்வோரின் ஊதியங்களைக் கூட்டு, ஆள் எண்ணிக்கையால் வகு. அதாவது கூட்டுச் சராசரி. 2005 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்திய விதியும் சராசரியைத்தான் முன்னிறுத்துகிறது. ஓர் ஊதியக் கணக்கெடுப்பில் சராசரி கிடைக்காவிட்டால் மட்டுமே இடைநிலையளவு. ஊதியப் பரம்பலில் மேல்முனை நீண்டிருப்பதால் சராசரி வழக்கமாக இடைநிலையளவுக்கு மேலே நிற்கும். விதியின் சொந்த அளவுகோலை எடுத்திருந்தால் கோஸ்டா–ஹிரா வாதம் இன்னும் கூர்மையாகியிருக்கும்; அதைக் கைவிட்டது அவர்களுக்கே நட்டம்.

நான் இங்கே நின்று பார்க்க விரும்புவது 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரே ஒரு வாக்கியத்தை. அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று கையெழுத்தான பெரிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் உள்ளே எச்-1பி விசா சீர்திருத்தச் சட்டம் செருகப்பட்டிருந்தது. குடியேற்றச் சட்டத்தின் 212-ஆம் பிரிவில் அது சேர்த்த பகுதி இரண்டு செய்திகளைச் சொல்கிறது. அரசுக் கணக்கெடுப்பைப் பயன்படுத்தினால் அனுபவம், கல்வி, மேற்பார்வை ஆகியவற்றுக்கு ஏற்பக் குறைந்தது நான்கு படிகள் இருந்தாக வேண்டும், இது கட்டாயம். கையில் இருக்கும் கணக்கெடுப்பில் இரண்டு படிகளே இருந்தால் அவற்றின் வித்தியாசத்தை மூன்றால் வகுத்து, ஈவைக் கீழ்ப்படியோடு கூட்டி, மேற்படியிலிருந்து கழித்து, நடுவில் இரண்டு படிகள் உண்டாக்கிக்கொள்ளலாம். இது அனுமதி மட்டுமே.

இரண்டு படிகள் எங்கிருந்து வந்தன? 1997 அக்டோபர் 31 தேதியிட்ட, தொழிலாளர் துறையின் பொது நிர்வாகக் கடிதம் 2-98, ஊதிய நிர்ணயத்தைத் தொழில்வாரி அரசுக் கணக்கெடுப்பின் மேல் நிறுத்தியது. அந்தக் கணக்கெடுப்பில் தொழிலாளியின் கல்வியோ அனுபவமோ பதிவாவதில்லை. எனவே குறைந்த ஊதியம் பெறும் மூன்றில் ஒரு பங்கினரின் சராசரியைப் புதியவரின் ஊதியமாகவும், மிச்சமுள்ள மூன்றில் இரண்டு பங்கினரின் சராசரியைத் தேர்ந்தவரின் ஊதியமாகவும் துறை பாவித்தது. கடிதத்தின் தேதி உறுதி. ஆனால் இந்தப் பங்கீட்டுக் கணக்கு முதலில் முடிவானது கடிதத்துக்கு முன்னா பின்னா, எல்லா மாநிலங்களும் ஒரே மாதத்தில் அதற்கு மாறினவா என்பதை அறுதியிட்டுச் சொல்ல நான் துணியவில்லை. 17 என்பது யாரும் பொருளாதாரக் காரணம் சொல்லித் தேர்ந்தெடுத்த எண் அல்ல என்பது மட்டும் தெளிவு. கீழ் மூன்றிலொரு பங்கின் நடுப்புள்ளி நூற்றுக்குப் பதினேழை ஒட்டி விழுகிறது, அவ்வளவே. படிகளைக் கணக்கிடும் முறைக்கு முழுமையான பொருளாதார விளக்கம் முன்பு தரப்பட்டதில்லை என்று துறையே 2020-இல் எழுதியது.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு தொழிற்பிரிவில் ஒன்பது பேர். ஆண்டு ஊதியம் ஆயிரம் டாலரில் 60, 66, 72, 80, 88, 96, 110, 140, 188 என்று வைத்துக்கொள்வோம். கீழ் மூவரின் சராசரி 66, இது முதற்படி. மேல் அறுவரின் சராசரி 117. இது நான்காம் படி. வித்தியாசம் 51, மூன்றால் வகுத்தால் 17. இரண்டாம் படி 83, மூன்றாம் படி 100. ஒன்பது பேரின் மொத்தச் சராசரி எவ்வளவு? அதுவும் 100. எண்களை நான் வசதியாகப் பொறுக்கியதால் இப்படி வரவில்லை. மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று பிரித்து, வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால், எந்த எண்களைப் போட்டாலும் மூன்றாம் படி மொத்தச் சராசரியாகவே முடியும். பள்ளி இயற்கணிதத்தில் இரண்டே வரிகளில் நிறுவிவிடலாம்.

ஆக, மூன்றாம் படியை 50-ஆம் நூற்றுமானம் என்று அழைக்கும் வழக்கம் தோராயமானது. மேலே கண்ட ஒன்பது பேரில் இடைநிலையளவு 88, மூன்றாம் படி 100. இரண்டாம் படியான 83-க்குக் கீழே நால்வர் இருக்கிறார்கள். 34 என்ற முத்திரை அதற்கும் பொருந்தவில்லை. சட்டம் வகுக்க அனுமதித்தது டாலரை. நூற்றுமானம் பின்னால் வந்த செல்லப்பெயர்.

பழைய 656.40-இன் சராசரியை மூன்றாம் படியில் பத்திரப்படுத்தத்தான் 2004-இல் வாக்கியத்தை இப்படி அமைத்தார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு எல்லைகளுக்கு நடுவே இரண்டு படி வேண்டுமென்றால் எவரும் மூன்றால்தான் வகுப்பார். தவிர, வாக்கியம் இரண்டு படியுள்ள எந்தக் கணக்கெடுப்புக்கும் பொருந்தும்படி பொதுவாக இருக்கிறது. தற்செயல் என்றே சாய்கிறேன். மறுப்பவர் சான்று கொண்டுவந்தால் கேட்கத் தயார்.

தற்செயலோ திட்டமோ, விளைவு பெரிது. நான்கு படிகளுள் எது என்று முடிவுசெய்ய 2009 நவம்பரில் திருத்திய வழிகாட்டி ஒரு பணித்தாளைத் தருகிறது. எல்லா வேலையும் 1 என்ற எண்ணில் தொடங்கும். வழக்கத்தைவிட அதிக அனுபவம் கேட்டால் புள்ளி, இளங்கலை போதும் என்ற தொழிலுக்கு முதுகலை கேட்டால் ஒரு புள்ளி, ஆட்களை மேற்பார்த்தால் இன்னொன்று. ஒருகாலத்தில் புறப்படும் இடமாக இருந்த சராசரியை இப்போது எட்டிப்பிடிக்க இரண்டு புள்ளி சம்பாதிக்க வேண்டும். பழைய சராசரி ‘ஒத்த வேலை’ செய்வோரிடையே எடுத்தது, தொழிற்பிரிவு முழுவதற்கும் அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் அந்த அளவுக்குத் தளர்வு வேண்டும்.

இந்தத் தாளில் புள்ளி விழுவது வேலைக்கு, ஆளுக்கு அல்ல. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் எட்டாண்டு நிரல் எழுதியவரை அனுப்பினாலும், விண்ணப்பத்தில் ‘இளங்கலை போதும், அனுபவம் தேவையில்லை’ என்று எழுதினால் அது ‘லெவல் ஒன்று’. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு கடப்பாடுகள் இருந்தன: நிறுவனம் ஒத்த அனுபவமும் தகுதியும் உள்ள தன் ஊழியருக்கு உண்மையில் தரும் ஊதியம், வட்டாரத்தில் நிலவும் ஊதியம், இவற்றுள் எது அதிகமோ அது. முதலாவது ஆளைப் பார்க்கிறது. 2004-இன் வாக்கியம் அனுபவம், கல்வி என்று சொல்கிறதே தவிர யாருடைய அனுபவம் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை வேலையின் பக்கம் சாய்த்து நிரப்பியது துறையின் வழிகாட்டி. சான்று இங்கே மெலிந்ததுதான். ஆனாலும் குறைந்த ஊதியத்தின் வாசல் நூற்றுமானத்தில் இல்லை, பணித்தாளில் இருக்கிறது என்றே வாதிடுவேன். எல்சிஏ எனப்படும் அந்த விண்ணப்பத்தில் முழுமையின்மையோ வெளிப்படையான பிழையோ உண்டா என்று மட்டும் பார்த்து, ஏழு நாளுக்குள் சான்றளிப்பதே துறைக்குச் சட்டம் தந்த வேலை. எழுதிய படி அப்படியே நிற்கும்.

2020 அக்டோபரில் துறை படிகளை ஒரே அடியில் 45, 62, 78, 95 என்று ஏற்றியது. பொதுமக்கள் கருத்துக் கேட்காமல் செய்ததால் டிசம்பர் 1 அன்று கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2021 ஜனவரியில் 35, 53, 72, 90 என்று மட்டுப்படுத்திய இறுதி விதியும் அதே ஆண்டு ஜூனில் ரத்தானது. இரண்டு முயற்சியும் நூற்றுமானங்களையே நகர்த்தின. 2009-இன் பணித்தாள் அப்படியே இருந்தது. 2025 செப்டம்பரில் முன்மொழிந்த விசாக் குலுக்கல் விதியோ நான்காம் படிக்கு நான்கு சீட்டு, முதற்படிக்கு ஒன்று என்றது. அங்கே சீட்டைத் தீர்மானிப்பது பணித்தாளின் புள்ளி அல்ல, முதலாளி தர முன்வரும் ஊதியம் எட்டும் படி.