மடிக்கணினியோடு வந்த விளம்பரம்

சேரம்பாடி டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பங்களில் பல, 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவை. இப்படிப்பட்ட தோட்டத்து வீடுகளுக்குக் கணினி கடையிலிருந்து வந்ததைவிட, அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையின் தோள்பையில் வந்ததே அதிகம்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கினார். எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. பையிலும் மடிக்கணினியின் மூடியிலும் முதல்வரின் படம்! திரையின் பின்னணிப் படத்தை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். மூடியில் அச்சிட்டதை ஸ்டிக்கர் ஒட்டித்தான் மறைக்க வேண்டும்.

கேட்காத பொருளைக் கணினியில் ஏற்றி விற்பது புதிதல்ல. கணினி விற்பதில் லாபம் மிகக் குறைவு. அதனால் ஆன்டிவைரஸ், விளையாட்டு, டூல்பார் நிறுவனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அவற்றின் சோதனைப் பதிப்புகளைத் தயாரிப்பாளர்கள் முன்பே நிறுவி அனுப்பினர். 2008-ல் சோனி ஒரு வேடிக்கை செய்தது: இந்தக் குப்பை இல்லாத கணினி வேண்டுமானால் கூடுதலாக 50 டாலர் என்றது! எதிர்ப்பு கிளம்பியதும் கட்டணத்தைக் கைவிட்டது.

லெனோவாவின் கதை வேடிக்கையானதல்ல. 2014-ன் பிற்பகுதியில் விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இருந்தது. அது வங்கித் தளங்களுக்கான பாதுகாப்பான இணைப்பிலும் தன் சொந்தச் சான்றிதழோடு இடையில் புகுந்தது. எல்லாக் கணினியிலும் அதற்கு ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் அதன் கடவுச்சொல்லும் வெளியானது. அதன்பின் பொது வைஃபையில் உட்கார்ந்திருக்கும் எவரும் போலி வங்கித் தளத்தைக் காட்டலாம் என்ற நிலை.

நிறுவனமாவது விளம்பரத்தை ஏற்றக் காசு வாங்கியது. அரசு மடிக்கணினியில் விளம்பரமும் மக்கள் வரிப்பணத்தில்தான்! உத்தரப்பிரதேசம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 2013-ல் கொடுத்த மடிக்கணினிகளில் முலாயம் சிங், அகிலேஷ் படங்கள் திரையிலேயே வந்தன. நீக்க முயன்றால் கணினி முடங்குகிறது என்று பத்திரிகைகள் எழுதின.

தமிழ்நாட்டில் சில ஆண்டுகள் நின்றிருந்த விநியோகம், கல்லூரி மாணவர்களுக்காக 2026 ஜனவரியில் மீண்டும் தொடங்கியது. இம்முறை விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ் இரண்டும் உண்டு. கூடவே பெர்ப்ளெக்ஸிட்டி ப்ரோ என்ற செயற்கை நுண்ணறிவுச் சேவை, ஆறு மாதத்துக்கு இலவசம். ஏழாவது மாதம் அதற்குச் சந்தா கட்ட வேண்டும்.